சுடருக்குள் விழுங்கப்படும் ஒளி: ஏ.ஏ.எஸ். கருவியின் பயணம்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு உப்புப் பகுப்பாய்வு செய்தவர்கள் சுடர் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். உப்பை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துப் பன்சன் சுடரில் காட்டினால் கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை. சோடியம் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், மற்ற நிறங்களை அமுக்கிவிட்டு மஞ்சள் முன்னால் வந்து நிற்கும். சூடேறிய அணுக்கள் உமிழும் ஒளியை வைத்துத் தனிமத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அது. அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் கருவி ஒன்று உண்டு. சுடருக்குள் இருக்கும் அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் காரீயம் எத்தனை மில்லிகிராம், காட்மியம் எத்தனை என்று சொல்லும். முழுப்பெயர் அணு உட்கவர் நிறமாலைமானி. ஆய்வகத்தில் எல்லோரும் ஏ.ஏ.எஸ். என்றுதான் சொல்வார்கள்.

இதன் மூதாதை பிறந்த ஊர் ஜெர்மனியின் ஹைடல்பர்க். சூரிய நிறமாலையின் மஞ்சள் பகுதியில் நெருக்கமாக இரண்டு கருங்கோடுகள் உண்டு. ஃபிரான்ஹோஃபர் அவற்றுக்கு டி என்று பெயரிட்டிருந்தார். 1859இல் குஸ்தாவ் கிர்ச்சாஃப், உப்பிட்ட சுடர் ஒன்றின் வழியாகச் சூரிய ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சுடரில் உள்ள சோடியத்தின் மஞ்சள் ஒளி அந்தக் கருமையை நிரப்பிவிடும் என்பது அவர் கணக்கு. நடந்ததோ வேறு. கோடுகள் முன்னைவிடக் கறுத்தன. ஓர் அணு எந்த ஒளியை உமிழ்கிறதோ அதே ஒளியைத்தான் விழுங்கவும் செய்யும் என்ற உண்மை அங்கிருந்து கிடைத்தது. மறு ஆண்டு அவரும் ராபர்ட் பன்சனும் டியூர்க்ஹைம் ஊற்று நீரைச் சோதிக்கும்போது, அதுவரை யாரும் பார்த்திராத நீலக் கோடுகளைக் கண்டு சீசியம் என்ற புதுத் தனிமத்தை அறிவித்தார்கள். அதன் உப்பைச் சில கிராம் பிரித்தெடுக்க பன்சன் சுமார் 40 டன் நீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்ற கேள்வி இந்தக் கருவியின் வம்சத்தில் முதல் தலைமுறையிலேயே இருந்தது.

அதன் பிறகு ஒரு பாகப்பிரிவினை நடந்தது. உமிழும் ஒளியை வேதியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். விழுங்கப்பட்ட ஒளி வானியலாளர்களிடம் போயிற்று, உமிழும் ஒளியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், சென்னை வானாய்வகத்திலிருந்து மசூலிப்பட்டினம் போயிருந்த போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியில் பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்றைக் கண்டார்கள். சோடியக் கோட்டுக்கு மிக அருகில் இருந்தாலும் அது சோடியம் இல்லை என்று பிறகு தெரிந்தது, அதுதான் ஹீலியம். வானத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, பூமியில் ஒரு குவளைத் தண்ணீரை அளக்க மட்டும் அணுக்கள் ஒளியை விழுங்கும் குணத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தவில்லை. பாதரச ஆவியைக் கண்டறிய மட்டும் சிலர் கையாண்டார்கள்.

அதை மாற்றியவர் ஆலன் வால்ஷ். இங்கிலாந்தின் லங்காஷயரில் 1916இல் பிறந்தவர். போர்க்காலத்தில் உலோக ஆய்வுக்கூடத்தில் உமிழ்வு நிறமாலையோடு மல்லுக்கட்டியவர். 1946இல் மெல்போர்னுக்குப் போய் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை அகச்சிவப்பு நிறமாலை, அதாவது மூலக்கூறுகள் விழுங்கும் ஒளியை அளப்பது. இரண்டு துறையிலும் கைபழகிய அவருக்குத்தான் இந்தக் கேள்வி எழ முடியும்: மூலக்கூறுகளை அளக்கும்போது விழுங்கும் ஒளியைப் பார்க்கிறோம், அணுக்களை அளக்கும்போது மட்டும் ஏன் உமிழும் ஒளியைப் பார்க்கிறோம்? 1952 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது விடை அவருக்குத் தெளிவானது. திங்கட்கிழமை ஒரு சோடியம் விளக்கையும் சுடரையும் வைத்துச் சோதித்தார். தேநீர் வேளைக்குள் முடிவு கையில் இருந்தது. சக ஆய்வாளர் ஜான் வில்லிஸைக் கூப்பிட்டுக் காட்டினார். வில்லிஸுக்கு அப்போது அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அந்த விடையின் அருமை ஒரு கணக்கில் இருக்கிறது. 2000 கெல்வின் வெப்பமுள்ள சுடரில் சோடியம் அணுக்களில் ஏறக்குறைய லட்சத்தில் ஒன்றுதான் கிளர்ந்து ஒளிரும் நிலைக்குப் போகிறது. துத்தநாகத்தில் கோடி கோடியில் ஒன்றுகூட இல்லை. உமிழ்வை அளப்பவர் அந்த ஒன்றிரண்டு அணுக்களின் ஒளியை நம்பி உட்கார்ந்திருக்கிறார். மற்ற அணுக்களெல்லாம் சுடரில் சும்மா நிற்கின்றன. விழுங்கலை அளந்தால் சும்மா நிற்கும் அத்தனை அணுக்களும் கணக்கில் வந்துவிடும். சுடரின் வெப்பம் சிறிது ஏறி இறங்கினாலும் இந்தப் பெரும் எண்ணிக்கை அசையாது.

சிக்கல் ஒன்று மட்டும் இருந்தது. ஓர் அணு விழுங்கும் ஒளி மிக மிக ஒடுங்கிய கோடு. அகலம் ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுதான். சாதாரண வெள்ளொளியை வைத்து அதைத் தேடுவது, ஃபோகஸ் விளக்கு போட்ட கல்யாணப் பந்தலில் ஒரு தலைமுடியின் நிழலைத் தேடுவது மாதிரி. வால்ஷ் கண்ட வழி இது: காரீயத்தை அளக்க வேண்டுமா, காரீயத்தாலேயே செய்த விளக்கை ஏற்று. அந்த விளக்கின் எதிர்மின்வாய் ஒரு சிறு குழிந்த கிண்ணம். அதற்குள் அந்த உலோகம். சுற்றிலும் குறைந்த அழுத்தத்தில் நியான் அல்லது ஆர்கான். அது தரும் ஒளி காரீயத்துக்கு மட்டுமே பொருந்தும் ஒடுங்கிய கோடு. சுடரில் இரும்பு இருக்கலாம், துத்தநாகம் இருக்கலாம். அந்த ஒளியை விழுங்குவது காரீயம்தான். சுடரும் சொந்தமாக ஒளிருமே என்று கேட்கலாம். விளக்கின் ஒளியை மட்டும் துடிக்கவிட்டு, துடிக்கும் ஒளிக்கு மட்டும் பதில் சொல்லும்படி மின்சுற்றை அமைத்து அதையும் அவர் தீர்த்தார். இன்று கல்லூரியில் நிற்கும் கருவியின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். எழுபது ஆண்டுகளில் திரையும் மென்பொருளும் மாறியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

வால்ஷின் கருவியை 1954இல் மெல்போர்னில் ஒரு கருவிக் கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் நகர்ந்து போனார்கள். 1955இல் ஸ்பெக்ட்ரோகிமிகா ஆக்டா இதழில் வால்ஷின் கட்டுரை வந்தது. பெரிய நிறுவனங்கள் தயங்கிய அந்த ஆண்டுகளில் கருவியைக் கையில் எடுத்தவர்கள் விவசாய ஆய்வாளர்கள். நியூசிலாந்தில் ஆலன் என்பவரும், கான்பராவில் டேவிட் என்பவரும் 1958 வாக்கில் செடியிலும் மண்ணிலும் உள்ள மெக்னீசியம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றை இதனால் அளந்து காட்டினார்கள். முழுக் கருவி கடையில் கிடைக்காத காலம். விளக்கு ஓரிடம், மின்சுற்று ஓரிடம், இரும்பு வேலை ஓரிடம் என்று பாகங்களை வாங்கி ஆய்வாளர்களே கோத்துக்கொண்டார்கள். அப்படிப் பாகம் செய்து கொடுத்த டெக்ட்ரான் என்ற சிறு மெல்போர்ன் நிறுவனம் பிறகு முழுக் கருவியே செய்தது. 1967இல் அமெரிக்காவின் வேரியன் அதை வாங்கியது. அதற்குள் சுரங்க நிறுவனங்களும் மருத்துவமனைகளும் வரிசையில் நின்றன.

முதலில் பெரிதாக ஒன்றும் காணாத அதே வில்லிஸ்தான் பின்னால் இரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் அளக்கும் முறைகளை வகுத்தார். கால்சியத்தைப் பாஸ்பேட் பிடித்துவைத்துக்கொண்டு சுடரில் அணுவாகப் பிரியவிடாது. லாந்தனம் சேர்த்தால் பாஸ்பேட் லாந்தனத்தோடு போய்விடும், கால்சியம் விடுபடும். இந்த ஒரு சிறு தந்திரத்தை விளக்கினாலே மாணவருக்கு வேதிச் சமநிலைப் பாடத்தில் பாதி புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அலுமினியம் போன்ற பிடிவாதமான தனிமங்களுக்காக 1965இல் நைட்ரஸ் ஆக்சைடு - அசிட்டிலீன் சுடரைக் கொண்டுவந்ததிலும் வில்லிஸுக்குப் பங்கு உண்டு.

இன்னொரு கிளை லெனின்கிராடில் முளைத்தது. வால்ஷின் கட்டுரையைப் படித்த போரிஸ் லுவோவ், சுடரையே தூக்கிவிட்டு, மின்சாரத்தால் சூடாகும் கிராஃபைட் குழாய்க்குள் மாதிரியை ஆவியாக்கினார். இன்றைய கிராஃபைட் உலைக்கு 20 மைக்ரோலிட்டர் போதும், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. சுடரால் எட்ட முடியாத அளவுகளை அது எட்டும். பாதரசத்துக்கு அந்தச் சூடும் தேவையில்லை. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் என்பதால், கரைசலில் இருந்து அதை ஒடுக்கி, காற்றை ஊதி, ஆவியை ஒளிப்பாதைக்குக் கொண்டுவந்து அளக்கும் முறையை 1968இல் ஹாட்ச், ஓட் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டவர்கள் நடுங்கிச் செத்ததை உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மண்ணையும் தாதுவையும் அளக்க வந்த கருவி சுற்றுச்சூழலின் கருவியாக மாறியது அந்தப் பத்தாண்டில்தான்.

இந்தியாவுக்கும் வந்தது. இறக்குமதியாக வந்ததோடு, ஐதராபாத்தின் பொதுத்துறை நிறுவனமான ஈ.சி.ஐ.எல். இங்கேயே செய்தும் கொடுத்தது. பாடம் வந்தது வேறு வழியில். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஆறு மாதப் பாடத்தை வகுத்தது. அதில் களப்பணிக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியிருந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டம், உயிரித் தொழில்நுட்பத் துறை 2008இல் இளநிலைக் கல்லூரிகளுக்கென்றே தொடங்கிய ஸ்டார் காலேஜ் திட்டம் ஆகியவற்றின் பணத்தில் பல கல்லூரிகள் நல்ல கருவிகளை வாங்கின. பாடமும் கருவியும் ஒரே வளாகத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்வது அரிது. பாடம் கட்டுரைக் கேள்வியாக வகுப்பறையில் இருக்கிறது. கருவி ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று குளிரூட்டிய அறையில் இருக்கிறது. பி.எஸ்சி. மாணவரை ஒருநாள் கூட்டிப்போய் வெளியே நிற்கவைத்துக் காட்டுவார்கள். ரெக்கார்டு நோட்டில் வரைபடம் வரைவார்கள். அதோடு சரி. இந்தக் கருவியின் நீண்ட பயணம் கடைசிப் பத்தடியில் தடைபட்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பத்தடியைக் கடந்தால் மாணவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். நம் வீட்டு ஈயச் சொம்பையே எடுத்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதில் காரீயம் கலந்திருக்குமோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. கேள்வி மாணவருடைய சமையலறையில் பிறந்தது, ஆகவே விடையில் அவருக்கு அக்கறை இருக்கும். புளிக்கரைசலைச் சொம்பில் கொதிக்கவைத்து ஆறவைக்கட்டும். அதே புளிக்கரைசலைக் கண்ணாடி பீக்கரில் கொதிக்கவைத்து இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் பிளாங்க். இது இல்லாமல் முதல் எண்ணுக்கு மதிப்பே இல்லை. இரண்டையும் நைட்ரிக் அமிலத்தோடு காய்ச்சி, மிதக்கும் கரிமப் பொருளைச் சிதைத்து, வடிகட்டி, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் குறியீடுவரை நிரப்ப வேண்டும். காரீயத்தின் திட்டக் கரைசல்களை மாணவரே பிப்பெட் எடுத்து நீர்த்துச் செய்ய வேண்டும். பிப்பெட்டில் செய்த பிழையை, பிறகு வரையும் அளவுத்திருத்த வரைபடத்தின் நேர்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு கருவிக்கு வருவோம். காரீய விளக்கை ஏற்றிக் கால் மணி நேரமாவது சூடாகவிட வேண்டும். அலைநீளம் 217.0 நானோமீட்டர். முதலில் காற்று, பிறகு அசிட்டிலீன். அணைக்கும்போது முதலில் அசிட்டிலீன், பிறகு காற்று. அசிட்டிலீனுக்குச் செப்புக் குழாய் ஏன் கூடாது என்று அந்த இடத்தில் கேட்டால், வெடிக்கும் செப்பு அசிட்டிலைடு பற்றி ஒரு மாணவராவது சொல்வார். பத்து சென்டிமீட்டர் நீளப் பிளவிலிருந்து நீலச் சுடர் ஒரு மெல்லிய திரைபோல எழும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கரைசலில் விட்டால் நெபுலைசர் அதை உறிஞ்சிப் பனியாக்கும். உறிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்குதான், பல நேரம் அதற்கும் குறைவுதான், சுடருக்குப் போகிறது. மிச்சம் வடிகுழாய் வழியாகக் கீழே கேனில் விழும். அந்தக் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு ஒன்று உண்டு. அது வறண்டிருந்தால் சுடர் உள்ளே பாயும் ஆபத்து இருப்பதால், பற்றவைக்கும் முன் அதைக் குனிந்து பார்க்க ஒவ்வொருவரும் பழக வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம் உள்ள கரைசல் திரையில் காட்டும் ஒளி உட்கவர்வு எண் 0.04ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு சின்ன எண்ணா என்ற ஆச்சரியத்திலிருந்து நல்ல பேச்சு தொடங்கும்.

குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். சுடர் வகை ஏ.ஏ.எஸ். காரீயத்தைக் கண்டுகொள்ளும் கடைசி எல்லையும் ஏறக்குறைய அங்கேதான். ஆகவே கிணற்று நீரை நேராகச் சுடரில் ஊதி, திரையில் பூஜ்யம் வந்தால், அந்த நீரில் காரீயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த வேறுபாட்டைச் சுற்றுச்சூழல் பற்றிய எத்தனை செய்திகளும் அறிக்கைகளும் கோட்டைவிடுகின்றன! பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்த மாணவர், பிறகு எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும் அளவீட்டு எல்லை எவ்வளவு என்று முதலில் தேடுவார். நீரை வற்றவைத்து அடர்த்தியாக்கலாமே என்று ஒருவர் கேட்பார். பன்சன் செய்த உத்திதான். ஆனால் நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு அதிகம். வற்றவைத்தால் உப்பும் சேர்ந்து அடர்ந்து பிளவை அடைக்கும், ஒளியைச் சிதறடித்து இல்லாத காரீயத்தை இருப்பதாகக் காட்டும். அப்போது காரீயத்தை மட்டும் கரிமக் கரைப்பானுக்குள் இழுப்பது எப்படி, சிதறலைக் கழிக்க டியூட்டீரியம் விளக்கு எதற்கு என்று பாடம் தானே விரியும்.

பாலாற்றுக் கரைக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடுவதில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். புற்றுநோய் அச்சம் உள்ளது ஆறு இணைதிறன் குரோமியம். ஏ.ஏ.எஸ். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும், பிரித்துச் சொல்லத் தெரியாது. பிரிக்க வேண்டுமானால் டைஃபினைல் கார்பசைடு சேர்த்து ஊதா நிறம் வரவழைத்து, பெரும்பாலான கல்லூரிகளில் உள்ள சாதாரண நிறமாலை ஒளிமானியில் 540 நானோமீட்டரில் பார்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் கிடைக்கும். விலை உயர்ந்த கருவி மொத்தத்தைச் சொல்ல, விலை குறைந்த கருவி நஞ்சின் பங்கைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி நீரில் செய்து பார்த்த மாணவர் கருவியின் விலையைப் பார்த்து மயங்க மாட்டார்.

கருவி கெட்டுவிடும், விளக்கு எரிந்துவிடும் என்று துறைத்தலைவர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஒரு விளக்குக்குச் சொல்லப்படும் ஆயுள் வழக்கமாக 5000 மில்லி ஆம்பியர் மணி. 5 மில்லி ஆம்பியரில் எரித்தால் ஆயிரம் மணி நேரம். ஒரு வகுப்புக்கு ஒரு நாள் நான்கு மணி நேரம் எரித்தால் என்ன குறைந்துவிடும்? பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த விளக்கும் உள்ளிருக்கும் வாயுவை மெல்ல மெல்ல இழந்து பழுதாகத்தான் செய்கிறது. சுடரின் ஆபத்து உண்மையானது. அதற்குத் தேவை பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நிற்பதும், வேலை செய்யும் புகைபோக்கியும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் ஒவ்வொரு இறுதியாண்டு மாணவரையும் தன் வீட்டுக் கிணறு, ஊர்த் தொட்டி, பித்தளைக் குழாய் எதிலிருந்தாவது அரை லிட்டர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிலை நைட்ரிக் அமிலத்தில் கழுவிக் கொடுங்கள். மாதிரி எடுத்ததும் பி.எச். 2க்குக் கீழே போகும்வரை அமிலம் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அசிட்டிலீன் சிலிண்டர் ஒன்றும் துத்தநாகம், காரீயம் விளக்குகள் இரண்டும் போதும். இரண்டு நாள் அந்த அறையை அவர்களிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்றுகொண்டு. களப்பணிக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணை அந்த எண்ணுக்கும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவர்கள் எழுதும் ஒரு பக்கத்துக்கும் போடுங்கள்.